கரையப் பாத்தாவளா?

2023 சித்திரையில் எனக்கு எடுத்த ஸ்கேன் அறிக்கையின் மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருந்தது. ஆங்கில வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: மூளையின் இடப்பக்கக் குறுக்குச் சைனஸிலும் அதைத் தொடரும் சிக்மாய்டு சைனஸிலும் ஓட்டம் காணப்படவில்லை, இரத்த உறைவாக இருக்கலாம், நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும். ஸ்கேன் சென்டர் வாசலில், ஸ்கூட்டர் சீட் கொதிக்கிற வெயிலில், நின்றபடியே அதை மூன்று முறை வாசித்தேன். பதினெட்டு வருஷமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் 'காணப்படவில்லை' மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. இப்போது தலைவலி போய்விட்டது, மருந்தும் நின்றுவிட்டது. முள் மட்டும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டாள்: "சைனஸ்தான? இதுக்கா இம்புட்டு ரூவா? நொச்சி எலையப் போட்டு ரெண்டு நாள் ஆவி புடிச்சா ஓடிப் போயிரும்." சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் அம்மா மேல் தப்பும் இல்லை. நம்மூரில் சைனஸ் என்றால் மூக்குதான். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு வளைவு, மடிப்பு, குழிவு என்றெல்லாம் பொருள். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கிற காற்றறைக்கும் அதே பேர், மூளையைச் சுற்றி இரத்தம் வடிகிற வாய்க்காலுக்கும் அதே பேர். வைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், விளக்கம் சொல்லி மாள வேண்டியது நாம்.

மூளை நம் உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் இரத்தம் அதற்குள் போகிறது. போனது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். மூளையைப் போர்த்தியிருக்கிற டியூரா என்கிற தடித்த உறையின் மடிப்புகளுக்கு நடுவே அதற்கான வடிகால்கள் ஓடுகின்றன. மற்ற சிரைகளுக்கு இருக்கிற மாதிரி இவற்றுக்குத் தசைச் சுவரும் கிடையாது, வால்வும் கிடையாது. நடு வகிடு எடுக்கிற கோட்டுக்கு நேர் கீழே ஒன்று, நெற்றியிலிருந்து பின்னால் வருகிறது. பிடரிக்கு மேலே விரல் வைத்தால் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். ஏறக்குறைய அதற்கு நேர் உள்ளே எல்லாம் கூடுகின்றன. அங்கிருந்து இடமும் வலமுமாகக் குறுக்குச் சைனஸ்களாகப் பிரிந்து, காதுக்குப் பின்னால் சிக்மாய்டு சைனஸ்களாக வளைந்து, மண்டையோட்டின் அடியில் இருக்கிற ஜுகுலர் துளை வழியே கழுத்துக்கு இறங்குகின்றன. அந்தக் கூடுமிடத்துக்கு ஏறத்தாழ 2300 வருஷத்துக்கு முன்னால், அலெக்சாண்ட்ரியாவில் பிணம் அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸ், திராட்சை பிழியும் தொட்டி என்று பொருள்படும் ஒரு பேரை வைத்தார். கேலன் அதை எழுதி வைத்ததால் இன்றைக்கும் டாக்டர்கள் அதை ஹெரோஃபிலஸின் டார்குலர் என்கிறார்கள். நம்ம ஊர்க்காரர் யாராவது அறுத்துப் பார்த்திருந்தால் செக்கு என்று வைத்திருப்பார். என் அப்பாவாக இருந்தால் மதகு என்று வைத்திருப்பார்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பக்கமாக வருகிற பாளையங்கால்வாயில்தான் அவர் காலம் போனது. ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, கரையில் நடப்பது, கடைமடைக்காரரிடம் ஏச்சு வாங்குவது. அவரை ஞானி ஆக்குவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் தலைவலிக்கு அவர் முதலில் சொன்ன காரணம் ஈரத்தலையோடு முடி பின்னுவது, இரண்டாவது காரணம் செல்போன். ஆனால் அறிக்கை வந்த அன்றைக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர் என்ன சொல்லுதாவ?"

"இடது பக்கம் அடைச்சிருக்கும்னு சொல்லுதாவப்பா."

"தூந்து போச்சுங்காவளா, இல்ல அந்தப் பக்கம் வெட்டவே இல்லயா? கரையப் பாத்தாவளா?"

"எப்பா, இது வாய்க்கா இல்ல. சும்மா இரிங்க."

அவரும் சும்மா இருந்துவிட்டார்.

ஊசியும் கீரையும்

முதலில் பார்த்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மூளையின் சிரை வடிகாலில் இரத்தம் உறைவது நிஜமான, கெட்ட வியாதி. பிரசவம் முடிந்த பெண்களுக்கும், உடம்பில் நீர் வற்றிப்போனவர்களுக்கும், சில ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் வரக்கூடியது. தலைவலியில் தொடங்கி வலிப்பு வரை போகும், மூளைக்குள் இரத்தக் கசிவு ஆகும், உயிரும் போகும். நானோ மூன்று வாரமாகத் தலையைப் பிடித்துக்கொண்டு அலைந்தவள். அப்படி ஒரு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'பார்க்கலாம்' என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். அன்றைக்கே வயிற்றில் ஊசி போட ஆரம்பித்தார்கள், இரத்தம் உறையாமல் இருக்க. காலையும் ராத்திரியும். மூன்றாம் நாள் மாத்திரையும் சேர்ந்தது. குறைந்தது மூன்று மாதம், ஆறு மாதமும் ஆகலாம், அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஊசி போட்ட இடமெல்லாம் நெல்லிக்காய் அளவுக்கு நீலம் பாரித்தது. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது. பல் விளக்கினால் ஈறில் இரத்தம் வருகிறதா என்று கண்ணாடியில் பார்ப்பேன். காய் நறுக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் அரிவாள்மணையைத் தூக்கிப் பரணில் வைத்தார். மாத்திரையோடு கீரை ஆகாது என்று யாரோ சொல்லிவிட, அம்மா முருங்கைக்கீரையை வீட்டுப் பக்கமே விடவில்லை. கீரையில் இருக்கிற வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதனால் அளவு மாறாமல் சாப்பிட வேண்டும் என்பதுதான் சரியான கணக்கு. நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் தனக்கு என்று வரும்போது சொன்னது எதுவும் நிற்காது. ராத்திரி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பயந்தேன். அந்தப் பக்கம்தான் வழி இல்லையே, படுத்தால் இரத்தம் எங்கே போகும்? விலங்கியல் டீச்சர் யோசிக்கிற யோசனையா இது?

ஊசியைவிட என்னைப் படுத்தியது பேச்சு. அந்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான் போகவில்லை, அம்மா போனாள். யார் கேட்டாலும், "அவளுக்குத் தலையில ஒரு நரம்பு வளரல" என்று சொல்லியிருக்கிறாள். நம் பேச்சில் இரத்தக் குழாயும் நரம்புதான், நரம்பும் நரம்புதான். அது பந்தியில் சாம்பார் வாளியோடு சேர்ந்தே சுற்றியிருக்கிறது. மறுநாள் ஒரு அத்தை போன் பண்ணினாள். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "புள்ளைக்கும் இருக்குமா தாயி? பாத்து வச்சுக்கோ, நாளைக்கு ஒரு எடத்துல பேசும்போது கேப்பாவ." என் மகளுக்கு அப்போது பதினாலு வயசு. போனை வைத்துவிட்டு அறிக்கையை எடுத்து மறுபடி வாசித்தேன். 'காணப்படவில்லை' எத்தனை வீடு தாண்டி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்பது அறிக்கையில் 'காணப்படவில்லை' ஆகி, டாக்டர் வாயில் 'அடைப்பு' ஆகி, அம்மா வாயில் 'வளரல' ஆகி, அத்தை வாயில் குலத்துக்கே ஒரு குறை ஆகிவிட்டது.

பீரோவில் இருந்த மஞ்சள் உறை

என்னிடம் படித்த ஒரு பையன் டாக்டராகி, ரேடியாலஜியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் தவளைக்குப் படம் போடச் சொன்னால் தவளையின் முகத்தில் ஒரு சிரிப்பையும் சேர்த்துப் போடுகிற பையன். ஆறாம் நாள், சங்கடப்பட்டுக்கொண்டே, படங்களை வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டான்.

"டீச்சர், நான் இதுல முடிவு சொல்லக் கூடாது. எங்க சாரைக் காட்டுதேன். அதுவரைக்கும் ஊசி மாத்திரை எதையும் நீங்களா நிறுத்திராதீங்க. ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு முன்னாடி எப்பமாச்சும் தலைக்கு சி.டி. எடுத்திருக்கா?"

எடுத்திருக்கிறது. 2014-இல் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து நெற்றியில் நாலு தையல். அப்போது எடுத்த படம், கல்யாண ஆல்பத்துக்கு அடியில், மஞ்சள் உறையில், பத்திரப் பதிவுக் காகிதங்களோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"அதுல எலும்பு தெரியுத மாதிரி ஒரு ஷீட் இருக்கும் டீச்சர். மூளை சாம்பலா இருக்குறது இல்ல, எலும்பு வெள்ளையாத் துல்லியமா இருக்குறது. அதைக் கொண்டு வாங்க. நமக்கு எலும்பைத்தான் பாக்கணும்."

போனைப் பிடித்துக்கொண்டே திண்ணையைப் பார்த்தேன். அப்பா தினத்தந்தியில் மூழ்கியிருந்தார்.

மறுநாள் அவனுடைய பேராசிரியர் அந்தப் பழைய ஷீட்டை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மண்டையோட்டின் அடிப்பாகம் வருகிற கட்டத்தைப் பேனா முனையால் காட்டினார். வலப்பக்கம் ஜுகுலர் துளை, பெருவிரல் நகம் அளவுக்கு, கறுப்பாக, ஓரம் தெளிவாக. இடப்பக்கம் அதே உயரத்தில் ஒரு சின்னக் கீறல். அதற்கு மேலே உள்ள கட்டங்களில், வலது பிடரி எலும்பின் உள்பக்கம் வளைவாக ஒரு பள்ளம். இடப்பக்கம் எலும்பு ஏறக்குறைய சமதரையாகக் கிடந்தது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சிரை வாய்க்கால் மண்டை எலும்பின் மேல் சும்மா படுத்திருப்பதில்லை. கருவில் முதலில் உண்டாவது சிரைப் பின்னல்தான். எலும்பு அதற்குப் பின்னால், அதைச் சுற்றி வளர்கிறது. எந்தப் பக்கம் ஓட்டம் பெரிதோ அந்தப் பக்கம் எலும்பில் பள்ளம் ஆழமாக விழும், கீழே துளையும் அகலமாக இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் நடுவயதில் அடைத்துப் போனால் இரத்தம்தான் நிற்கும், எலும்பில் விழுந்த பள்ளம் மூடாது. பள்ளம் ஆழமாக இருந்து ஓட்டம் இல்லையென்றால் அது ஆபத்து. பள்ளமே இல்லையென்றால் அங்கே முதலிலிருந்தே பெரிய ஓட்டம் இருந்ததில்லை என்று அர்த்தம். என் தலையில் 2014-இலேயே பள்ளம் இல்லை. அந்த வருஷத்து அறிக்கையின் கடைசி வரியையும் அவர் வாசித்துக் காட்டினார்: மண்டையோட்டு எலும்புகள் இயல்பு. அதே தலைதான். அப்போது இயல்பு, இப்போது காணப்படவில்லை.

அப்படியானால் இப்போது எடுத்த படம் பொய்யா என்று கேட்டேன். பொய் இல்லை என்றார். மருந்து ஏற்றாமல் எடுக்கிற அந்த எம்.ஆர். வெனோகிராம் என்கிற சிரை ஸ்கேன் இரத்தத்தைப் பார்ப்பதில்லை, இரத்தத்தின் நகர்வைப் பார்க்கிறது. தலையைத் தகடு தகடாக வைத்துக்கொண்டு, அந்தத் தகட்டுக்குள் ஏற்கெனவே இருப்பதையெல்லாம் ரேடியோ அலையால் அடித்து அடித்து மங்க வைத்துவிடும். வெளியிலிருந்து புதிதாக நுழைகிற இரத்தம் மட்டும் பளிச்சென்று தெரியும். சிறிய வாய்க்கால் என்றால் ஓட்டம் மெதுவாக இருக்கும். மெதுவாக நகர்ந்தாலும், தகட்டின் திசையிலேயே படுத்து ஓடினாலும், அதுவும் மங்கிப் போகும். தலையில் ஒரு கோளாறும் தெரியாத 100 பேரை இந்த முறையில் பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வந்தது. அதில் 31 பேருக்குக் குறுக்குச் சைனஸில் இப்படி அறுபட்ட மாதிரி இடைவெளி தெரிந்தது. முக்கியமான சங்கதி, ஒருவருக்குக்கூடப் பெரிய பக்கத்தில் அது தெரியவில்லை. எல்லாம் சிறிய பக்கத்தில், அல்லது இரண்டும் சமமாக இருந்தவர்களிடம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிய பக்கம் வலதுதான். கழுத்தின் வலப்பக்கச் சிரையிலிருந்து இதயத்துக்குப் போகிற பாதை குட்டையாகவும் நேராகவும் இருப்பதை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள்.

எலும்பை மட்டும் நம்பி அவர் விட்டுவிடவில்லை. சின்ன வாய்க்காலிலும் உறைவு வரலாம் இல்லையா? மருந்து ஏற்றி இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். அதில் இடது வாய்க்கால் நூல் மாதிரி, ஆனால் நடுவில் அறுபடாமல், கடைசி வரைக்கும் நிறைந்து தெரிந்தது. நரம்பியல் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து, நரம்பு நுழைகிற வட்டத்தில் வீக்கம் இல்லை என்று பார்த்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் அங்கே பெரும்பாலும் தெரியுமாம். அதன் பிறகுதான் ஊசியும் மாத்திரையும் நின்றன. தலைவலிக்குக் காரணம் என்ன என்று கேட்கிறீர்களா? மானக்கேடான காரணம். விடைத்தாள் திருத்துகிற காலம் முழுக்க மெடிக்கலில் நானே வாங்கி, ஏறக்குறைய தினமும் போட்ட வலி மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்காரி வாரத்தில் பாதி நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தங்க வைத்துவிடும். நிறுத்தினேன். பத்து நாள் நரகமாக இருந்தது, பிறகு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "அந்தப் பக்கம் வெட்டவே இல்லயாம்ப்பா" என்றேன். தலையை ஆட்டினார். "வரைபடத்துல கோடு இருக்கும். போய்ப் பாத்தா தரையில வாய்க்காலே இருக்காது. அந்தக் காலத்துல ஆபீஸ்ல உக்காந்து அடிக்கோல் வச்சு இழுத்திருப்பான். தண்ணி வரலன்னு மனு வரும். நான் போயி மொதல்ல கரையத்தான் பாப்பேன். கரை ஒசந்து, உள்ள அமலைச்செடி மண்டிக் கெடந்தா தூந்துருக்குன்னு அர்த்தம். கரையே இல்லன்னா யாரை ஏச?" சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

ஒரு இடத்தில் மட்டும் அப்பாவின் கணக்கு உதைக்கிறது. பாளையங்கால்வாயை ஆள் வைத்து வெட்டினார்கள், தண்ணீர் பிறகு வந்தது. தலைக்குள் தண்ணீர் முதலில் வந்தது, கரையை அதுவே போட்டுக்கொண்டது. அந்த வகையில் அது தாமிரபரணிக்குச் சொந்தக்காரன், பாளையங்கால்வாய்க்கு இல்லை.

எத்தனை எலும்பு

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு மண்டையோடு இருக்கிறது. பிளாஸ்டிக் இல்லை, நிஜம். நான் வேலைக்குச் சேர்வதற்கு எவ்வளவோ முன்னால் வந்தது. பனங்கற்கண்டு நிறம், கன்னத்தெலும்பு ஓரத்தில் சின்ன உடைசல். பதினெட்டு வருஷமும் அதைத் தூக்கிக் காட்டி, கபால எலும்பு எட்டு, முக எலும்பு பதினாலு, ஆக மொத்தம் 22 என்று சொல்லிவிட்டு மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கரும்பலகையில் மூளைக்கோ மண்டையோட்டுக்கோ படம் வரையும்போது நடுவில் ஒரு கோடு இழுத்து, இடது பாதியை வரைந்து, வலது பாதியை அதன் கண்ணாடிப் பிம்பமாக வரைவது என் பழக்கம். அழகாக வரும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும், மதிய இடைவேளையில் யாரும் இல்லாதபோது அதை எடுத்து மேசையில் கவிழ்த்தேன். அடியில் பெருந்துளை, அதற்கு இரண்டு பக்கமும் தள்ளி ஜுகுலர் துளைகள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து இடது துளையில் விட்டேன், தொட்டுக்கொண்டு போனது. வலது துளையில் பென்சிலின் பின்பக்கமே நுழைந்தது. பெருந்துளை வழியாகச் சுட்டுவிரலை விட்டு உள்ளே பிடரி எலும்பைத் தடவினேன். மேலே ஏறினால் ஒரு மேடு. அதிலிருந்து வலப்பக்கம் போகப் போக, பனைமட்டையின் உள்வளைவு மாதிரி இரண்டு பக்கமும் விளிம்பு கட்டிய பள்ளம் விரலோடு வந்தது. இடப்பக்கம் ஒரு மெல்லிய வரப்பு இருந்தது, பள்ளம் என்று சொல்ல முடியாது. இந்த ஆளுக்கும் என்னை மாதிரியேதான். இவரைத்தான் இத்தனை வருஷமாக 'மாதிரி மண்டையோடு' என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

டார்ச் வெளிச்சத்தில் வெளிப்பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தேன். பின்னால், பிடரி எலும்பும் பக்க எலும்புகளும் பல்லுப் பல்லாகக் கோத்துக்கொள்கிற மூட்டில், புளியங்கொட்டை அளவில் இரண்டு தனித் துண்டுகள். 17-ஆம் நூற்றாண்டு டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம் பேரால் வோர்மியன் எலும்பு என்பார்கள். நிறையப் பேருக்கு உண்டு, எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். உச்சிக்குச் சற்றுப் பின்னால் வலப்பக்கம் ஊசித் துளை ஒன்று. உள்ளேயிருக்கிற சிரையை வெளியே உச்சந்தலைச் சிரையோடு சேர்க்கிற வழி. இடப்பக்கம் அது இல்லை. இந்தக் கோணல் மாணல் மூட்டுக் கோடுகளைத்தான் என் ஆச்சி தலையெழுத்து என்பாள், பிரம்மா எழுதியதாம், மனுஷனால் வாசிக்க முடியாதாம். அப்படிப் பார்த்தால் அந்த இரண்டு புளியங்கொட்டையும் பிரம்மா அடித்துத் திருத்திய இடம்.

அந்த வருஷம் பிள்ளைகளை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துப் போனோம். 1986-இல் பிரிந்த பிறகு அது தூத்துக்குடி மாவட்டம், எங்களுக்கு எல்லாம் நெல்லைச் சீமைதான். பரம்பு என்கிற மேட்டில், கண்ணாடிக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் மண்ணோடு மண்ணாக அப்படியே. 1876-இல் ஜாகர் தோண்டினார், 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டு வந்தார். இங்கே கிடைத்த மண்டையோடுகளை வெளிநாட்டு அறிஞர்கள் அளந்து பார்த்து, இவர்கள் எந்த இனம் என்று வாதாடிய கதை பலருக்கும் தெரியும். அந்தக் காலத்து அளவைகள் பெரும்பாலும் நீளம், அகலம், மூக்கு, கண்குழி என்று வெளிப்புறத்தைச் சுற்றியே வரும். எனக்கு அன்றைக்கு ஒரே எண்ணம், குனிந்து உள்ளே விரல் விட வேண்டும், இந்த ஆற்றங்கரையில் தாழிக்குள் முழங்காலை மடக்கிக் கிடந்தவருக்கு வலமா இடமா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பெயர் விஷயம் மட்டும் இன்னும் எனக்குத் தீரவில்லை. புதிய அறிக்கையில் 'ஹைப்போபிளாசியா' என்று எழுதியிருக்கிறது. நேராகப் பெயர்த்தால் குறை வளர்ச்சி. பேராசிரியரிடம், சார், இத்தனை பேருக்கு இருக்கிற ஒன்றைக் குறை என்று சொல்லலாமா என்று கேட்டேன். சிரித்தார். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கு என்றார். அப்புறம் அவரே, "உங்களுக்கு வலது பக்கம் ஓங்கியிருக்குன்னு வேணும்னா வச்சுக்கோங்க, வலக்கைப் பழக்கம் மாதிரி" என்றார். பிடித்துப்போனது. அத்தைக்கு போன் பண்ணி, எனக்கு வலக்கை, வலதோட்டம், வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா தெரியாது, ஆனால் பந்தியில் பரப்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது புரிந்திருக்கும்.

குறை இல்லை என்பதால் சங்கதியே இல்லை என்று ஆகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பெரிய வழி ஒன்றுதான். நிற்கும்போது கழுத்துச் சிரைகள் சுருங்கிவிடும், முதுகெலும்பைச் சுற்றிய சிரைப் பின்னல் வழியாக நிறைய வடிந்துவிடும், அது எல்லாருக்கும் பொது. படுத்திருக்கும்போது எனக்கு வேலை முழுக்க வலப்பக்கத்துக்கு. தீவிர சிகிச்சையில் கழுத்து வழியாகக் குழாய் செருக டாக்டர்கள் முதலில் தேடுவது வலது கழுத்தைத்தான். வலது காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ பெரிய ஆபரேஷன் என்று வந்தால், அந்த வாய்க்கால் போனால் மாற்று ஒடுங்கியது என்பதைக் கத்தி வைக்கிறவர் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். ஒரு சின்ன அட்டையில் எழுதி, ஆதார் கார்டுக்குப் பின்னால் பர்ஸில் வைத்திருக்கிறேன். அட்டையில் 'காணப்படவில்லை' என்ற சொல் கிடையாது.

போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் எலும்பு மண்டலம். மண்டையோட்டை இப்போதெல்லாம் கையில் கொடுத்துவிடுகிறேன், வரிசையாக வாங்கிப் பார்க்கிறார்கள். பலகையில் அதன் அடிப்பாகத்தை வரைந்தேன், வலது துளையைப் பெரிதாக, இடதைச் சின்னதாக. முன் பெஞ்சில் ஒருத்தி, "டீச்சர், ஒரு பக்கம் சின்னதாப் போயிட்டு" என்றாள். கையில் இருப்பதைப் பார்த்து வரை என்றேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி எழுந்தாள்.

"டீச்சர், பின்னால குட்டி எலும்பு ரெண்டு இருக்கு. அப்ப 24-தான?"

"இந்தத் தலைக்கு 24."

"பரீட்சையில?"

"பரீட்சையில 22 எழுது."

எழுதினாள். அப்புறம் பென்சிலை எடுத்து, ஓரத்தில், அழித்துவிடலாம் என்கிற அளவுக்கு மெலிசாக, 24 என்று போட்டுக்கொண்டாள்.